சத்தமில்லாம வந்த வண்டி

ஹலோ... ஆங், சொல்லு மகேசு... நான்தான் பேசறேன், இருசப்பன் போனுல வேற எவன் பேசப் போறான்... எங்க இருக்கனா? ரோட்டுல இருக்கேன்... எந்த ரோடா? மலைக்குப் போற ரோடு. வூட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்.

... ஆமா, நம்ம வூட்டுக்குத் தான்... ஆமா ஆமா, உன் காதுல சரியாத் தான் வுழுந்துச்சி. நிச்சயமும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். நீங்க வந்த வேன அப்பிடியே திருப்பச் சொல்லு. தட்டுங்கள எறக்கிட்டீங்களா?... யாரக் கேட்டு எறக்குனீங்க? ஏத்து. பொடவ, பழம், தேங்கா, பூ, அந்த சாம அரிசி மூட்ட, தேன் டின்னு, எல்லாத்தயும் திருப்பி ஏத்து. ஒரு வெத்தல கூட அந்த வூட்டுல தங்கக் கூடாது.

... நான் கத்தல. நான் எங்க கத்தறேன்? புளியமரத்தடியில நின்னு நிதானமாத் தான் பேசறேன்... இல்லிங்க மாப்ள, உங்கள ஒண்ணும் சொல்லல. மகேசு கிட்ட பேசிக்கினு இருக்கேன். நீங்க வண்டியில ஒக்காருங்க... ஆங், ஒக்காருங்க.

... யாரு கிட்டயா? மாப்ள கிட்ட தான். என் பொண்ணு சந்திரலேகாவ கட்டுன பாவத்துக்கு அவுர நான் ஒரு வார்த்த சொல்ல முடியாது. சொன்னா அவ அங்க மெட்ராசுல அழுவா. அதனால முழுங்கிக்கினு நிக்கறேன். இரு, கொஞ்சம் தள்ளிப் போறேன்... ஆங், இப்ப கேக்காது.

... இன்னா நடந்துச்சா? நீயே அந்த வூட்டுல தான இருக்க? அவங்களயே கேளு. சங்கராபுரத்துல பொண்ணு எடுக்க வந்த மலைக்காரன் தெருவுல கெடக்கான், ஒருத்தரு எட்டிப் பாத்தீங்களான்னு கேளு... வந்தேன் மகேசு. நீங்க வரதுக்கு முன்னாடியே வந்துட்டேன். நீங்க கச்சிராயபாளையத்துல பூ வாங்க நின்னுட்டீங்க, நானும் மாப்ளையும் அவுரு கார்ல முன்னால போனோம். அவங்க வாசலுக்கு எதுருல, வேப்பமரத்தடியில வண்டி நின்னுச்சி. வருவாங்க, வருவாங்கன்னு உள்ளயே ஒக்காந்துக்கினு கெடந்தேன். ஒரு ஈ காக்கா வரல.

... எறங்கி உள்ள போறதா? நானா?... நீ எந்த வூட்டுல பொறந்த? நம்ம அப்பன் என்னிக்காச்சும் எவன் வூட்டுக்காச்சும் தானா எறங்கிப் போனத நீ பாத்திருக்கியா? அந்த வூட்டு ஆளு தெருவுக்கு வரணும். முகத்த பாத்து வாங்கன்னு சொல்லணும். அப்பறம் தான் நம்ம கால் கீழ படணும். இன்னிக்கி நான் யாரு? செத்துப்போன தம்பிக்குப் பதுலா, அவன் மவனுக்கு அப்பன் எடத்துல வந்தவன். நான் தலைய குனிஞ்சிக்கினு உள்ள பூந்தா, நாளைக்கி சந்தோஷு அந்த வூட்டுக்கு மருமவனாப் போவச்சொல்ல அவனுக்கு இன்னா மருவாத இருக்கும்? ரோட்டோரம் கெடக்கற கல்லுக்குச் சமம்.

... வேற யாரயாச்சும் பாத்தனாவா? பாத்தேன். நல்லாவே பாத்தேன். ஒரு பொம்பள வெளிய வந்தா. அப்பாடா, வந்துட்டாங்கன்னு துண்ட சரி பண்ணிக்கினு நிமுந்து ஒக்காந்தேன். கையில அன்னக்கூட இருந்துச்சி. பாத்திரம் கழுவன தண்ணி. வண்டியோட முன் சக்கரத்துல அப்பிடியே ஊத்திட்டு, திரும்பிக் கூட பாக்காம போயிட்டா... சத்தியமா மகேசு! சோத்துப் பருக்க சக்கரத்துல ஒட்டிக்கினு இருக்குது இன்னும். தூ! நெனச்சாலே வாந்தி வருது. சாம்பாரு வாசன வேற.

... சிரிக்கிறியா? சிரி. நல்லா சிரி.

... அதோட வுட்டாங்களா? சரி, போதும்டா சாமின்னு வண்டிய திருப்பச் சொன்னேன். பின் தெருவால வளைஞ்சோம். அப்ப அடிச்சாங்க பாரு மேளம்! நாதசுரம், தவில் எல்லாம் ஒண்ணா. வரச்சொல்ல வாய மூடிக்கினு இருந்துட்டு, போவச்சொல்ல மேளம் அடிக்கிறாங்க. தொலஞ்சான் மலைக்காரன்னு தான அர்த்தம்? என் காதால கேட்டேன். மாப்ளையும் கேட்டாரு.

... இரு, இரு. நீ இன்னா சொல்ற?... எந்த வண்டி?... கேஸு சிலிண்டர் வண்டியா?... கேஸு வண்டிக்கு எதுக்கு மேளம் அடிச்சாங்க?

... ம்.

... ம்... சத்தம் கேட்டதும் அடிக்கச் சொல்லி வெச்சிருந்தாங்களா. பந்தல் துணிக்கு உள்ள எல்லாரும் நின்னுக்கினு... ஆரத்தி தட்டோட... பொண்ணோட அப்பாவும் மாலையோட... கேஸு வண்டி உறுமிக்கினு வந்து நின்னதும் நாங்கன்னு நெனச்சி... அந்த சிலிண்டர் தூக்கற ஆளுக்கு மாலையே போட்டுட்டாங்களா?

... கருமம்.

... இல்ல மகேசு, அது எப்பிடி? நாங்க வந்த சத்தம் கேக்கலியாமா? இம்மாம் பெரிய காரு வந்து நிக்கிது, அது சத்தம்...

... ...

அந்த வண்டிக்கு ஏது சத்தம்?

... ஆமா. ஆமாமா. சத்தமே கெடையாது. அதான் சொல்றேன், இந்தப் பாழாப்போன வண்டியில நான் வந்திருக்கவே கூடாது. உனக்குத் தெரியாது, நீ வேன்ல ஜன்னல் காத்துல சொகமா வந்த. நான் பட்டது எனக்குத் தான் தெரியும். அது பெட்ரோல்லயும் ஓடுது, கரண்டுலயும் ஓடுது. ஆம்பளையும் இல்ல பொம்பளையும் இல்ல, அப்பிடி ஒரு வண்டி... சரி சரி, அப்பிடி சொல்லக் கூடாது, வாபஸ். ரெண்டுங்கெட்டான் வண்டி. மெதுவா ஓட்டுனா பெட்ரோல் இஞ்சினு தூங்கிடுமாம். அத்த தூங்க வெக்கறதுக்காகவே மாப்ள ஓட்றாரு. தொட்டில்ல கொழந்த முழிச்சிக்கும்ங்கற மாதிரி ஓட்றாரு. செருப்ப கழட்டி வெச்சிட்டு வெறுங்கால்ல மிதிக்கிறாரு, மகேசு. வெறுங்கால்ல மிதிச்சாத் தான் எவ்ளோ அழுத்தறோம்னு பாதத்துக்குத் தெரியுமாம்.

... கேளு, இன்னும் கேளு. மலை எறங்கினோம். ஒவ்வொரு வளைவுக்கும் அங்கயே, தூரத்துலயே, பிரேக்க தடவறாரு. மெல்ல மிதிச்சா அந்த வேகம் கரண்டா மாறி பேட்டரிக்குப் போவுதாம். டக்குனு மிதிச்சா வீணாப் போயிடுமாம். பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சி அடிச்சி அவன் ஹாரனே கம்மிப் போச்சி. முன்னால ஒரு பொட்டி மாதிரி டிவி இருக்குது. நல்லா ஓட்டுனா அதுல எல மொளைக்குது. பச்ச எல. 'பாருங்க மாமா, இன்னொரு எல வந்துடுச்சி'ன்றாரு. மலையில பொறந்தவன் மகேசு நான்! எனக்கு எல காட்றாரு!

... ஏசியா? ஏசி போட்டா பேட்டரி கொறையுமாம். சரி, கண்ணாடிய எறக்குங்கன்னேன். எறக்குனா காத்து உள்ள பூந்து வண்டிய பின்னால இழுக்குமாம். அதுவும் வாணாம், இதுவும் வாணாம். பட்டு சட்ட முதுவுல ஒட்டிக்கினு, சந்தனம் எல்லாம் கரைஞ்சி கழுத்துல வழியுது. எங்க மூச்சுக் காத்தே கண்ணாடியில படிஞ்சி வெளிய ஒண்ணும் தெரியல... ஆங், அதான். உள்ள ஆளு இருக்கறது அந்த பாத்திரக்காரிக்கும் தெரிஞ்சிருக்காது. யாரோ நிறுத்திட்டுப் போன வண்டின்னு நெனச்சிருப்பா... பொண்ணு அப்பாவோட தங்கச்சியா அந்தம்மா? அழுவறாங்களா?... அழுவ வேணாம்னு சொல்லு... கழுவுனது எங்களுக்கு ஆக்குன பாத்திரமா. சரி.

... வாழத்தாரு ஏன் உங்க வேன்ல வந்துச்சின்னு கேட்டியே, இதான். வெயிட்டு ஜாஸ்தின்னு எறக்கிட்டாரு. மொதல் கார்ல சீர் போவணும், அதுல வாழத்தாரு முன்னால இருக்கணும், அது நம்ம வழக்கம். வெயிட்டு ஜாஸ்தியாம். அப்ப என்னயும் எறக்கி வேன்ல ஏத்திடுங்க மாப்ளன்னேன். அவரு யோசிச்சாரு மகேசு. நெசமாவே யோசிச்சாரு!

... அடிவாரத்துல கரும்பு டிராக்டரு ஒண்ணு, ரெண்டு டிரெய்லரு நெறைய லோடு, ஆடி அசைஞ்சி வந்து எங்கள முந்திக்கினு போவுது. லோடு மேல ஒக்காந்திருந்தவன், 'பெருசு, வண்டி ரிப்பேரா? கயிறு போட்டு இழுக்கட்டுமா?'ங்கறான். எப்பேர்ப்பட்ட வம்சம் நம்புளுது. கரும்பு டிராக்டருக்காரன் கயிறு தரேங்கறான். நான் துண்டால மூஞ்சிய மூடிக்கினேன். இவுரு சிரிச்சிக்கினே அவனுக்கு டாட்டா காட்றாரு.

... ஆமா, அதான். மலை எறங்கனதுல சேந்த கரண்டு எல்லாம் பேட்டரியில நெரம்பிக் கெடந்துச்சி. அதுலயே சங்கராபுரத்துக்குள்ள போவலாம், இஞ்சினே எழும்பாது பாருங்க மாமான்னு பெருமையா சொன்னாரு. எழும்பல. பூன மாதிரி போய் நின்னோம். பெட்ரோல மிச்சம் புடிச்சாரு, மானத்த தண்ணியா செலவு பண்ணிட்டாரு.

... இன்னா?

... ஹாரனா?

... ஹாரன் அடிச்சிருக்கலாம் தான்... ம்... அடிக்கல.

... ஏன் அடிக்கலன்னா... அவரு அடிக்கப் போனாரு... ஆமா, மாப்ள தான். கைய வெச்சாரு. நான் தான் புடிச்சிக்கினேன்... கைய புடிச்சிக்கினேன்னு சொல்றேன் இல்ல!... மகேசு, யோசிச்சிப் பேசு. பொண்ணு வூட்டு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சி, நாங்க வந்துட்டோம் வாங்கன்னு நாமளே கூப்புடறதா? அது இன்னா, ஐஸ் வண்டியா? கேட்டு வாங்கறதுக்குப் பேரு மருவாதயா? தானா வரணும். தானா வந்தாத் தான் அது மருவாத.

... அவங்களுக்கு எப்பிடித் தெரியும்னா... ம்... தெரியாது தான்.

... ம்.

... ம். புரியிது. சும்மா சும்மா சொல்லாத, புரியிதுன்றேன் இல்ல.

... வாணாம். பொண்ணு அப்பா கிட்ட போன குடுக்காத. நான் இப்ப பேசற நெலயில... மகேசு, குடுக்காத, மகே...

வணக்கங்க. வணக்கம்... இருசப்பன் தாங்க... அய்யய்யோ, நீங்க எதுக்குங்க... இல்லிங்க கொளஞ்சியப்பன் சார், நீங்க மன்னிப்பு கேக்கற அளவுக்கு... இல்லிங்க, உங்க தங்கச்சி மேல எனக்கு ஒண்ணும்... தெரியாம ஊத்துனது தான... ஆமாங்க, வண்டி சத்தம் போடாது... ஆமாங்க, அது அப்பிடித் தான்... பேட்டரிங்க... லிட்டருக்கு எவ்ளோவா? அது எனக்குத் தெரியாதுங்க, எங்க மாப்ள கிட்ட கேட்டீங்கன்னா ராத்திரி வரைக்கும் சொல்லுவாரு.

... ஆங்... அது எனக்கும் தெரியுதுங்க. எமகண்டம் பொறக்கறதுக்குள்ள தட்டு மாத்தணும், அது வாஸ்தவம் தான்... ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டேன். திரும்பிப் போனவன் அதே வண்டியில, தானா வந்து மறுபடியும் நின்னான்னா, நாளைக்கி எங்க ஊருல இன்னா பேசுவாங்க? கோவிச்சிக்கினு போனான், சோத்துக்கு வந்துட்டான்னு பேச மாட்டாங்க?... நீங்க பேச மாட்டீங்க. ஊரு பேசும். பையனுக்கு அப்பன் இருந்தா வேற. அப்பன் இல்லாத பையன், அவன் மருவாதய நான் எறக்கிட்டேன்னு ஆயிடக் கூடாதுங்க. அதான் எனக்கு.

... சரிங்க... இல்லிங்க, முடியாதுன்னு சொல்லல. யோசிக்கறேன்... யாரு?... பொண்ணா? பொண்ணு எதுக்குங்க இப்ப...

... ஹலோ.

... ஆங், சொல்லும்மா... ஷாலினியா... நல்லா இருக்கேன்ம்மா... இல்ல, இன்னும் சாப்புடல. காத்தால குடிச்ச காப்பி தான்... சந்தோஷுக்குத் தெரியுமாவா? இல்லம்மா, நிச்சயத்துக்குப் பையன் வரக் கூடாதுன்னு அவன மலையிலயே வுட்டுட்டு வந்தோம், எங்க வூட்டாண்ட டவரு கெடையாது. பாறை மேல ஏறுனாத் தான் போனு எடுக்கும்... ஏறி நின்னுக்கினு இருக்கானா? காத்தாலேர்ந்தா?... உனக்குப் போன் பண்ணிக்கினே இருக்கானா... நீ ஒண்ணும் சொல்லலியா அவன் கிட்ட?... நல்ல காரியம் பண்ண. சொல்லாத. அந்தப் பாறையில வழுக்கும்.

... அழுவாதம்மா. நெத்திச்சுட்டி எல்லாம் கட்டியிருப்ப, மையி கரைஞ்சிடும்...

... இன்னாது?... நீ வரியா?... தெரு முனைக்கா?

... அதெல்லாம் கூடாது. நீ வந்து தெருவுல நிக்கறதாவது! யோவ்... இல்லம்மா, உன்ன சொல்லல, நாக்கு பொரண்டுடுச்சி... கேளு. நிச்சயம் ஆவப்போற பொண்ணு, தலையில பூவ வெச்சிக்கினு ரோட்டுல நின்னு மாமா வாங்கன்னு கூப்புடறத அங்க வெத்தல பாக்கு கடையில நிக்கறவன் எல்லாம் பாக்கணுமா? பாத்து சிரிக்கணுமா? அது எனக்குத் தான் அசிங்கம். உங்கப்பாவுக்கு இல்ல, எனக்கு. நீ இப்ப எங்க வூட்டுப் பொண்ணு. உள்ள ஒக்காரு. காத்தாடிக்குக் கீழ ஒக்காரு. எழுந்திருக்கக் கூடாது.

... ஆங். ஆமா, அப்பிடித் தான் சொன்னேன்... எங்க வூட்டுப் பொண்ணுன்னு தான் சொன்னேன்... சரி, சரி. போன உங்க மகேசு அத்தை கிட்ட குடு.

... மகேசு. கேளு. நான் ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லு. நான் வந்தத அந்தத் தெருவுல எவனாச்சும் பாத்தானா?... நல்லா விசாரிச்சியா?... மேளக்காரனுங்க?... அந்தத் தண்ணி ஊத்துன அம்மா?... வண்டிய மட்டும் தான பாத்தாங்க, என்ன பாக்கல இல்ல?... வண்டி நின்ன சத்தமும் கேக்கல, போன சத்தமும் கேக்கல?

... அப்ப நான் இன்னும் வரவே இல்ல.

... ஆமா. யாரும் பாக்கல, யாரும் கேக்கலன்னா, நான் எப்பிடி வந்தேன்? எப்பிடித் திரும்பிப் போனேன்? நான் இப்பத் தான் மொத மொதல்ல வரப் போறேன். கொளஞ்சியப்பன் சார் கிட்டயும் சொல்லிடு. இதுக்கு முன்னால நடந்தது ஒண்ணும் நடக்கல. சிலிண்டர்காரனுக்குப் போட்ட மாலைய மட்டும் எனக்குப் போடக் கூடாது, சொல்லிட்டேன். வேற வாங்கச் சொல்லு.

... எவ்ளோ நேரம் ஆவுமா? ஒண்ணும் ஆவாது. நான் கோவிச்சிக்கினு கெளம்பி எம்மாம் நேரம் ஆவுது, மாப்ள ஓட்ன ஓட்டத்துல இன்னும் சங்கராபுரத்து எல்லையே தாண்டல. தோ, ஊர்ப் பலகைக்குப் பக்கத்துல தான் நிக்கறேன். வேற எவனாச்சும் ஓட்டியிருந்தா இந்நேரம் மலை ஏறியிருப்பேன், டவரும் இருந்திருக்காது, நீ போன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல... ஆங்?... அவுரு நல்லவரு தான்னு நான் எப்ப இல்லன்னேன்?

... இல்ல. கார்ல வர மாட்டேன். அந்த வண்டியில மறுபடியும் வந்து, மறுபடியும் பூன மாதிரி நின்னு, மறுபடியும் எவளாச்சும் கொழம்பு தண்ணிய கொண்டாந்து... சீ! இரு, தோ தெரியுது. கச்சிராயபாளையத்துலேர்ந்து டவுன் பஸ்ஸு வருது... ஆமா, பஸ்ஸுல தான்... பட்டு வேட்டி கட்டிக்கினு பஸ்ஸுல வந்தா இன்னா? கவருமெண்டு பஸ்ஸு. அது வர சத்தம் ரிஷிவந்தியம் வரைக்கும் கேக்கும். உங்க மேளக்காரனுக்குக் கேக்காதா?

... மாப்ள! மாப்ள... எறங்க வாணாம், அங்கயே இருங்க. நான் பஸ்ஸுல முன்னால போறேங்க. நீங்க பின்னாலயே வாங்க... கோவம் எல்லாம் இல்லிங்க. உங்க எலைங்க வாடிடக் கூடாது பாருங்க. மெதுவாவே வாங்க... ஏன் எறங்குனீங்க, வண்டியில ஏறுங்க.

... ஆங், மகேசு, லைன்ல இரு. ஏறிட்டேன்... நிறுத்துப்பா, நிறுத்து, வேட்டி மாட்டிக்கிச்சி... ஆங். அய்ய, சே! இந்த ஜன்னல்ல எவனோ வெத்தலபாக்கு போட்டு துப்பி வெச்சிருக்கான் மகேசு. கம்பியெல்லாம் செவப்பா கெடக்குது. நிச்சயத்துக்குப் போறவன் கையி... ஒக்கார முடியாது, நின்னுக்கினே வரேன். நிமுந்து நின்னுக்கினு வரேன்னு சொல்லு சம்மந்தி கிட்ட.

... ஆமா, சம்மந்தின்னு தான் சொன்னேன். நீ ஒண்ணு, எல்லாத்தயும் ரெண்டு தடவ கேளு.

... கண்டக்டரு தம்பி, அந்த வேப்பமரத்துத் தெரு முனையில நிறுத்தணும்பா... ஸ்டாப்பிங் இல்லன்னா இன்னா, பந்தலு போட்டிருக்காங்க பாரு, அங்க. நிச்சயம்பா, என் தம்பி மவனுக்கு. டிரைவரு கிட்ட சொல்லு, தெரு திரும்பச்சொல்ல ஹாரன் அடிக்கணும்... நல்லா நீட்டி அடிக்கச் சொல்லு... சும்மா இல்ல, அவரு தான அடிக்கிறாரு, நானா அடிக்கிறேன்?

... மகேசு, வெளிய வந்து நில்லுங்க எல்லாரும்... ஆரத்திய கொளுத்திக்கினு... இன்னா?... நீ சொல்றது ஒண்ணும் கேக்கல! பஸ்ஸு சத்தம்!... நான் சொல்றது கேக்குதா?... ஜன்னல் பக்கம் வெக்கறேன் போன, இரு... இப்ப?... இந்த சத்தம் கேக்குதா உனக்கு?... ஹலோ?... வாங்கன்னு சொல்லச் சொல்லு மொதல்ல, மேளம் அப்பறம்... ஹலோ... மகேசு... ஹலோ...